சித்தப்பா மேல் கால் வைக்காதீர்கள்

கார் கேட்டு ஓரமாக வந்து நின்றது. என் மகள் விமலா முதலில் இறங்கினாள். அடுத்து வாக்கர் இறங்கியது. அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரி அஞ்சலை, ஒவ்வொரு காலாக வெளியே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

மூட்டு ஆப்பரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறாள். மாசாயில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்க ஈர நாய் வாசனை.

நான் வீட்டுக் கதவருகே ஆரத்தித் தட்டோடு நிற்கிறேன். ஆரத்தி எடுக்க வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. நானே கரைத்தேன். மஞ்சள் கூடிப்போய் சாம்பார் மாதிரி இருந்தது.

கேட்டிலிருந்து கதவு வரைக்கும் சிமெண்டு சிலாப் கல் பதித்த வாசல். அஞ்சலை வாக்கரைத் தூக்கி முதல் கல்லில் வைத்தாள். சரி. இரண்டாவது கல். சரி. மூன்றாவது கல்லில் வாக்கரின் முன்கால் பட்டதும் 'டொக்' என்று ஒரு சத்தம். கல்லின் ஒரு மூலை கீழே போனது, எதிர்மூலை மேலே வந்தது. அடியில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு விமலாவின் ஆபீஸ் சட்டை வரைக்கும் போனது.

"அலமாக்! அம்மா, பிடிங்க! பிடிங்க!"

விமலா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் அஞ்சலை விழவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்தினால் அஞ்சலை நல்லா இருக்கிறாள் என்று அர்த்தம்.

"போதும். ஏறுங்கம்மா காருல. எங்க வீட்டுக்குப் போலாம்."

"இந்தா விமலா, நான் ஒரு பலகை கொண்டாந்து போடுறேன்…"

"அப்பா, நீங்க எதையும் போட வேணாம். நீங்க போட்டதுதான் இது."

கார் திரும்பியது. பின் கண்ணாடி வழியாக அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் தட்டோடு நின்றேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா காக் யா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, அது என்ன சூப் என்று கேட்டார்.

யார் போட்டது

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த, வேலை செய்த காலத்தில் நான் ஃபோர்க்லிப்ட் ஓட்டி பாசிர் கூடாங் கம்பெனிச் சுவரில் முட்டிய கதையைப் படித்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு ஒழுங்காச் செய்யத் தெரிந்த வேலை ஏதாவது உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அவ்வளவு பிடித்திருந்தது. மூன்றாம் தடவை வாத்தியார் விடவில்லை. அதனால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது.

ஆனால் சிலாப் கல் விஷயத்தில் நான் தனியாள் இல்லை. முனியாண்டியும் உண்டு.

முனியாண்டி என்னோடு ஒரே தோட்டத்தில் பிறந்தவன். பல வருஷம் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், பணக்காரக் குடியிருப்புகளில் நடைபாதைக்குக் கல் பதித்தவன். அவன் பேச்சில் சிங்கப்பூர் என்ற வார்த்தை வராத வாக்கியம் கிடையாது.

வேலை ஓய்ந்து நான் வீட்டில் உட்கார்ந்த புதிதில், முன்வாசலில் கல் பதிக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. அதுவரை வெறும் சிமெண்டுத் தரை, அதில் ஊர்ப்பட்ட விரிசல். முனியாண்டியைக் கேட்டேன்.

"அடியில காங்கிரீட்டு போடணுமாடா?"

"உனக்கு என்ன பைத்தியமா? சிங்கப்பூர்ல அப்படியா போடுறான்? பழைய தரைய ஒடைச்சு எடு. மண்ணு கொட்டு, சமமாக்கு, கல்ல வை, சந்துல மண்ணத் தள்ளு. முடிஞ்சது லா."

நான் அவனைவிட ஒரு படி மேலே போனேன். ரசமட்டம் வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கும் வரைக்கும் ஒவ்வொரு கல்லையும் தட்டினேன். ஒரு பக்கமும் சாயாத வாசல். கேரம் பலகை மாதிரி இருந்தது. தண்ணீர் ஓட ஒரு பக்கம் சாய்ந்த வாட்டம் வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. முனியாண்டிக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் என்பதால் சொல்ல மறந்துவிட்டானாம்.

முதல் வாரம் தாமானே வந்து பார்த்தது. நான் சட்டை போடாமல், துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய கண்டிராக்டர் மாதிரி நின்றேன்.

சொந்தக்காரர்கள்

கொஞ்ச மாதம் போனதும் கற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன.

வேறு வீட்டுப் பொம்பளையாக இருந்தால் திட்டியிருப்பாள். அஞ்சலை திட்டவில்லை. ஆடுகிற கல்லுக்கெல்லாம் பெயர் வைத்தாள். எல்லாம் என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பெயர்.

கேட்டிலிருந்து மூன்றாவது கல், கால் வைத்தால் தண்ணீர் துப்புகிற கல், பெக்கோக் சித்தப்பா. அவர் வெற்றிலை போடுகிறவர். எதிரில் நின்று பேசினால் நம் சட்டை சிவப்பாகிவிடும். பார்க்க அசையாத மாதிரி இருந்து, ஓரத்தில் மிதித்தால் மட்டும் வீறிட்டுக் கத்துகிற கல், ஜானகி அத்தை. மழை பெய்தால் மட்டும் ஆடுகிற கல் என் மூத்த அண்ணன். உள்ளே தண்ணி போகாதவரைக்கும் அவரும் தங்கமான மனுஷன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அஞ்சலை உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"பாத்து வாங்க! சித்தப்பா மேல கால வைக்காதீங்க! அத்தைக்கு இந்தப் பக்கமா வாங்க!"

சமையல் கேஸ் சிலிண்டர், எங்கள் பேச்சில் தோம்பு, கொண்டுவருகிற பையன் தோளில் பாரத்தோடு நொண்டி ஆடுவான். காக் யா குவே பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு ஜோகெட் நடனம் ஆடுவது மாதிரி வளைந்து வருவார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளையின் சித்தப்பாவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டது.

இந்த எல்லாக் கேலிக்கும் நான் சிரித்தேன். கேலி பண்ண அவள் வீட்டில் இருந்தாள். அதன் அருமை அப்போது தெரியவில்லை.

வாசல் இல்லாத வீடு

விமலா கெலாங் பாத்தாவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். லிப்ட் உண்டு, வழவழவென்று தரை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. நியாயமாகப் பார்த்தால் அஞ்சலைக்கு அதுதான் சரியான இடம். நியாயமாகப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மோட்டாரில் போய்ப் பார்த்தேன். மாசாய் எங்கே, கெலாங் பாத்தா எங்கே! ஜோகூர் பாருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் என் முதுகுக்கு ஒரு வாக்கர் தேவைப்படும்.

அஞ்சலை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கீழே கார்கள் தீப்பெட்டி மாதிரி தெரியும்.

"எப்படி இருக்கு இங்க?" என்பேன்.

"நல்லாத்தான் வச்சிருக்கா. ஆனா காலையில எந்திரிச்சா என்னா செய்யறதுன்னு தெரியல. இந்த வீட்டுக்கு வாசல் இல்ல. கதவுதான் இருக்கு."

எனக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆனது.

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அஞ்சலை விடிவதற்கு முன்னால் எழுந்து வாசலைக் கூட்டுவாள். லிடிக் குச்சி விளக்குமாறு, அதான் தென்னை ஈர்க்கு, சரக் சரக் என்று. பிறகு வாளித் தண்ணீர். கையால் அள்ளி வீசுவாள். தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து விழுமாம், எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். சளப், சளப். பிறகு ஒரு சின்னக் கோலம். தாமானில் மற்றவர்கள் ரப்பர் குழாயில் பீய்ச்சுவார்கள். இவள் வாளிதான்.

அந்தச் சத்தத்தில் நான் ஒரு நாளும் எழுந்தது கிடையாது. அது எனக்குத் தாலாட்டு. இப்போது சத்தம் நின்றுபோனதும் அதே நேரத்துக்கு டக்கென்று விழிப்பு வருகிறது. படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். காக் யா வீட்டுச் சேவல் கூவும். மாசாயிலிருந்து பாசிர் கூடாங்குக்கு வேலைக்குப் போகும் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். தண்ணீர் சத்தம் மட்டும் வராது.

அன்றைக்குக் கிளம்பும்போது விமலா லிப்ட் வரைக்கும் வந்தாள்.

"அப்பா, நான் கெட்டவ இல்ல. அம்மா விழுந்தா இன்னொரு ஆப்பரேஷன் தாங்காது. ஒரு கல்லுகூட ஆடாம இருக்கணும். நானே வந்து மிதிச்சுப் பாப்பேன். அப்பத்தான் அனுப்புவேன்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. அந்தத் தண்ணி தெளிக்கிற வேலையெல்லாம் இனிமே வேணாம். வழுக்கும்."

உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "அதுவும் வேணாம்னா நான் அங்க போயி என்னா பண்றது? இங்கயே கதவப் பாத்துக்கிட்டு உக்காந்துக்கிறேன்."

லிப்ட் கதவு மூடிக்கொண்டது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புரட்டிப் பார்த்தபோது

மறுநாள் முனியாண்டியைக் கூப்பிட்டேன். கடப்பாரையோடு வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இத்தனை வருஷமாகத் தாமானில் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆடுற கல்லு அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சித்தப்பாவைத் தூக்கினோம். அடியில் மண்ணே இல்லை. பள்ளம். பள்ளத்திலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் பக்கத்துக் கல்லுக்கடியில் போகிறது. அதைத் தூக்கினால் அங்கேயும் பள்ளம். வாய்க்கால் அப்படியே வளைந்து, சுவரோர லோங்காங்கில், அதாவது சாக்கடையில், போய்ச் சேர்கிறது. நாங்கள் கொட்டிய மண் முழுக்க வருஷக்கணக்காக அந்த வழியாகத்தான் கடலுக்குப் போயிருக்கிறது.

"எலிதான்," என்றேன்.

முனியாண்டி பூந்தொட்டி வைத்திருந்த ஓரத்துக் கல் மேல் ஏறிக் குதித்தான். அசையவில்லை. மோட்டார் நிறுத்துகிற இடத்தில் குதித்தான். அதுவும் அசையவில்லை. கேட்டிலிருந்து கதவு வரைக்கும் உள்ள நடுப்பட்டைதான் முழுக்கக் காலி.

"டேய். ஒன் வீட்டுல காலையில வாசலுக்குத் தண்ணி தெளிப்பாங்களா?"

"ஆமா."

"எங்க?"

நடுப்பட்டையைக் காட்டினேன்.

"விளக்கமாறு?"

"லிடிக் குச்சி."

முனியாண்டி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினான். "குச்சி சந்துல இருக்குற மண்ணக் கிளறிவிடும். தண்ணி அத அடிச்சிக்கிட்டுப் போவும். தெனம்! தெனம்! சிங்கப்பூர்ல எவன்டா விடியக்காலம் வாளியோட வாசலுக்கு வர்றான்? என் வேல தப்பு இல்லடா! ஒன் பொண்டாட்டி பண்ண வேல!"

எங்களுக்கு எப்படி இது நினைவுக்கு வராமல் போனது என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தோம். இரண்டு பேரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு பேர் வீட்டிலும் அம்மா, அக்கா, பெண்டாட்டி என்று யாராவது ஒருவர் தினமும் செய்த வேலை. ஆனால் ஆண்பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம். எழுந்து வரும்போது வாசல் ஈரமாக இருக்கும். ஏதோ பனி பெய்ததென்று தாண்டிப் போய்விடுவோம்.

"போன எடு," என்றான் முனியாண்டி. "அஞ்சலை தங்கச்சிக்கு நானே சொல்றேன். தாமானுக்கே சொல்றேன்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லாதடா."

"ஏன்டா? உனக்கும்தான நல்ல பேரு?"

எனக்கு நல்ல பேர் வேண்டும்தான். சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் கல்லில் ஏறிக் கெட்டுப்போனதற்கு ஒரு பதில் வேண்டும்தான். ஆனால் சொன்னால் அஞ்சலை அதோடு வாளியைத் தொடமாட்டாள். நானோ ஒரு மாதமாகப் படுக்கையில் அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறேன். ஜெயித்து என்ன பண்ண?

முனியாண்டி கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தான்.

"தண்ணி ஊத்துனாலும் அசையாத மாதிரி போடுவோம்டா. இந்த வாட்டி சாப்பாட்டுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிப்புடுறேன்."

வாளியும் நானும்

கல்லையெல்லாம் கிளப்பி, உடைகல் கொட்டி இடித்து, அதன் மேல் சிமெண்டுக் கலவை போட்டு, லோங்காங் பக்கம் வாட்டம் வைத்துப் பதித்தோம். இரண்டு கிழவர்கள். ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டு தேத்தண்ணி குடித்தோம். முடிந்த அன்று நான் நிமிர முயற்சி செய்தேன். முதுகு சம்மதிக்கவில்லை. எல் எழுத்து மாதிரியே உள்ளே போய்ப் படுத்தேன்.

போகும்போது முனியாண்டி சொன்னான். "ஒரு வாரத்துக்குக் கால வைக்காத. காலையிலயும் சாயந்தரமும் தண்ணி தெளி. இல்லன்னா சிமெண்டு வெடிச்சிரும்."

நான் அவனை முறைத்தேன். அவன் சிரிக்காமல் மோட்டாரைக் கிளப்பினான்.

மறுநாள் விடியற்காலை அஞ்சலையின் வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். என் வயசுக்கு அந்த நேரத்து வாசலை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. காற்று குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை வருஷமும் அவள் இங்கே தனியாக நின்றிருக்கிறாள் என்று தோன்றியது. ஒரு நாளாவது கூட வந்து நின்றிருக்கலாம்.

போன் அடித்தது. அவளும் எழுந்துவிட்டாள். வீடியோவில் வந்தாள். போனைக் கிரில் கம்பியில் செருகி வைத்தேன். வாளியிலிருந்து அள்ளி ஊற்றினேன்.

"அது என்னா, லோரி கழுவுறீங்களா?"

"சிமெண்டுக்குத் தண்ணி வேணுமாம்."

"அதுக்கு இப்படியா ஊத்துவாங்க? வெரல விரிங்க. கை வீசணும், தோளு இல்ல. ஐயோ! போன் மேல ஊத்தாதீங்க!"

நாலாவது நாள் கொஞ்சம் விசிறி மாதிரி விழுந்தது. பாராட்டுவாள் என்று போனுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க. முன்னாடி போட்டப்ப அடியில வெறும் மண்ணுதான?"

"ஆமா."

"நான் தெனம் தண்ணி ஊத்துனேன். அப்ப நான்தானா?"

"எலி," என்றேன். "பெரிய எலி. பூனை சைசு. முனியாண்டிகூட பாத்தான்."

"பொய் சொல்லத் தெரியலன்னா சும்மா இருங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையா வேறு ஏதாவதா, போனில் தெரியவில்லை. "சித்தப்பா, அத்தைன்னு எல்லாரையும் கேலி பண்ணேன். இனிமே நான் தெளிக்கல. விமலா சொல்றதுதான் சரி."

நான் பயந்த இடத்துக்கே வந்துவிட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு தடவை அது எனக்கு உதவியது.

"அதெப்படி? முனியாண்டி என்னா சொன்னான் தெரியுமா? இது சிங்கப்பூர் முறை. தெனம் தெளிக்கலன்னா வெடிச்சிருமாம். ஆயுசு முழுக்க தெளிக்கணுமாம். நீ நாற்காலியில உக்காந்து சொல்லு, நான் தெளிக்கிறேன். நான் வழுக்கி விழுந்தா ஒருத்தருக்கும் நட்டமில்ல."

அவள் சிரித்தாள். பின்னாலேயே விமலாவின் குரலும் கேட்டது. "ரெண்டு பேரும் விடியக்காலம் என்னா பேச்சு? என் வீட்டுக்காரரு தூங்கணும்!"

ஞாயிற்றுக்கிழமை

விமலா சொன்ன மாதிரியே முதலில் தானே இறங்கி மிதித்துப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கல்லின் நாலு மூலையிலும் குதிகாலால் அழுத்தினாள். முனியாண்டி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு, ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றான். காக் யா வேலிக்கு மேலே.

விமலா நடுவில் நின்று எம்பி எம்பிக் குதித்தாள். ஒரு சத்தம் இல்லை.

"சரி," என்றாள். கார்க் கதவைத் திறந்தாள்.

வாக்கர் இறங்கியது. அஞ்சலை இறங்கினாள்.

எங்கள் வாசலில் நடக்கிற எல்லோரும் கீழே பார்த்துத்தான் நடப்பார்கள். அஞ்சலையும் அப்படித்தான், பல வருஷமாக. முதல் இரண்டு கல்லுக்குத் தலையைக் குனிந்துதான் வந்தாள். வாக்கரை ஊன்றி அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

அங்கிருந்து, கதவருகே நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள்.

எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆரத்தித் தட்டு இருந்திருந்தாலாவது பிடித்துக்கொண்டிருக்கலாம். இந்தத் தடவை கரைக்க மறந்துவிட்டேன்.

"என்னா இப்படி இளைச்சிட்டீங்க?" என்றாள்.

"நீ இல்லாம நானே சமைச்சேன்ல."

வாக்கர் டங் என்று நின்றது. நாங்கள் எல்லோரும் கீழே பார்த்தோம். கதவுக்கு முன்னால் ஒரு படி. எப்போதும் இருக்கிற படிதான். கல்லை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. வாக்கர் படி ஏறாது.

முனியாண்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். விமலா ஓடி வந்தாள். "இருங்கம்மா, நான் பிடிக்கிறேன்."

"நீ இரு," என்றாள் அஞ்சலை.

வாக்கரை ஓரமாகத் தள்ளினாள். வலது கையை நீட்டி என் தோளில் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள், கல்லை அழுத்திப் பார்த்த மாதிரியே. முதுகில் சுரீர் என்றது. நான் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

நல்ல காலை முதலில் எடுத்து வைத்தாள். பிறகு மற்றதை.

"ஏறியாச்சும்மா, உள்ள போங்க, வெயிலு," என்றாள் விமலா.

அஞ்சலை போகவில்லை. படிக்கு மேலே, என் பக்கத்தில், வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை.